புங்கம்பூவுக்கு ஒரு படம்

“ஏங்க, நடக்க வந்தோமா, நிக்க வந்தோமா?” தங்கபுஷ்பம் எரிந்து விழுந்தாள்.

கோபாலபுரம் தெருவில் கொட்டிக் கிடந்த புங்கம்பூவை ஃபோனில் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார் அவள் கணவர் சுயம்புலிங்கம்.

“பொரி எறைச்ச மாதிரி கெடக்கு, பாரு. கவிதையா வருது.”

“காலமெல்லாம் கடையில துணி கிழிச்ச மனுசனுக்கு இப்பத்தான் கவிதை வருதாக்கும்!”

சற்று தூரம் போனதும் ஒரு கேட்டருகே நின்றார். “இந்தத் துருக்கறையப் பாரு, வண்ணத்துப்பூச்சி மாதிரியே இருக்கு!” மருந்துக்கடை வாசலில் மறுபடியும் நின்றார். “குழாய் கசிஞ்ச தண்ணியில வானம் தெரியுது!”

“கொசு முட்டை போடுற தண்ணியில வானமா? கொடுங்க, அப்படி என்னதான் எடுத்திருக்கீங்கன்னு பாப்போம்.”

பிடுங்கிப் பார்த்தாள். திரை கறுப்பாக இருந்தது. எத்தனை அழுத்தியும் உயிர் வரவில்லை.

“சார்ஜ் இல்லையா?”

“காலையிலேர்ந்தே இல்ல” என்றார் அவர், எங்கோ பார்த்தபடி.

புங்கமரம், கேட், மருந்துக்கடை... தனக்கு மூச்சு வாங்கிய இடங்கள் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, “மூச்சு வாங்கினா நின்னு நின்னு நடங்கம்மா” என்ற டாக்டரிடம், “தெருவுல நின்னா சீக்காளிம்பாங்க. நான் நிக்க மாட்டேன்” என்று சண்டை போட்டவள் அவள்தான்.

ஃபோனை அவர் கையில் திணித்துவிட்டு வீம்பாக நடந்தாள். தெருமுனையில் மூச்சு இரைத்தது. அவளாகவே நின்றாள்.

“ஏங்க, அந்த அணிலைப் பாருங்க, என்ன அழகு! ஒரு படம் எடுங்க.”

“சார்ஜ்தான்...”

“இல்லாட்டி என்ன? எடுங்கன்னா எடுங்க!”