ரெண்டு பேப்பர்

“ரெண்டே பேருக்கு எதுக்கு ரெண்டு பேப்பர்? ஒண்ணை நிறுத்து. அடுத்த மாசத்திலிருந்து எனக்குப் பென்ஷன்தான்” என்று அவர் பட்ஜெட் தாளில் ஒரு வரியை அடித்தார்.

“மாட்டேன். குறுக்கெழுத்தை நீங்க முடிச்சிட்டா, நான் கொட்டாவி விடணுமா?”

“நாலு வேளை காபி வேற! பதினஞ்சாம் தேதியே கை காலியாயிடும்.”

“உங்க ஓட்டைக் காரை வித்தா ஒரு வருஷத்துக்குக் காபி குடிக்கலாம்.”

“உன்னோட குப்பை கொட்ட முடியாதும்மா!” அவர் பட்ஜெட்டைக் கசக்கினார்.

எதிரே பதிவாளர் அறைக் கதவு திறந்தது. “அடுத்த கல்யாணம் யாரு?”

சாட்சிக்கு வந்திருந்த அவர் மகன் தலையில் அடித்துக்கொண்டான். “அப்பா, முதல்ல கையெழுத்துப் போடுங்க. சண்டையை வீட்டுல வச்சுக்கலாம்.”

அவள் அசையவில்லை.

அவர் கசக்கிய தாளை நீவினார். “சரி, ஒரே பேப்பர். இடமிருந்து வலம் உனக்கு, மேலிருந்து கீழ் எனக்கு.”

“பேனாவைக் கொடுங்க” என்று அவள் எழுந்தாள்.