மாறிப்போன சப்பாத்து

"ஒரே கட்சிக்குள்ள இருந்துகொண்டு முதுகில குத்துறவனை என்னெண்டு சொல்லுறது, தங்கச்சி?"

சிவகௌரி கதவைத் திறந்ததுமே யோகராஜா பொரிந்து தள்ளத் தொடங்கிவிட்டார். வாசலில் குவிந்து கிடந்த சப்பாத்துகளோடு தன்னுடைய கறுப்புச் சப்பாத்தையும் கழற்றி விட்டுவிட்டு, நேரே முன்னறைக்குள் போய் உட்கார்ந்தார்.

அவருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? வருகிற தொண்ணூற்று நாலு மே மாதம் கவுன்சில் தேர்தல். எட்மண்டன் வட்டாரத்தில் கட்சிக்காக யார் நிற்பது என்று ஞாயிற்றுக்கிழமை அங்கத்தவர்கள் கை தூக்கித் தீர்மானிக்கப் போகிறார்கள். ஒரு வெள்ளைக்காரர், யோகராஜா, கிறிஸ்துநாயகம் என்று மூன்று பேர் போட்டி. பத்து வருடமாக மழையென்றும் பனியென்றும் பாராமல் கட்சி நோட்டீஸ் போட்டு அலைந்தவர் யோகராஜா. நேற்று வந்த கிறிஸ்துநாயகம் குறுக்கே விழுந்தால் தமிழ் வாக்கு இரண்டாக உடையும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். வெள்ளைக்காரர் சுகமாக வென்றுவிடுவார். சிவகௌரி வீட்டில் மட்டும் ஐந்து வாக்கு இருந்தது.

"அண்ணை, உள்ளுக்க இவரோட..." என்று அவள் தொடங்கினாள்.

"அவர் ஆறுதலா வரட்டும். நீர் முதல்ல இதைக் கேளும்."

கேட்கத்தான் வேண்டியிருந்தது. யோகராஜாவுக்கு இங்கிலீஷ் வராது, கூட்டத்தில் நித்திரை கொள்கிற ஆள் என்றெல்லாம் கிறிஸ்துநாயகம் வீடு வீடாகச் சொல்லித் திரிகிறாராம். அதைக் காதால் கேட்டவர் யாருமில்லை. ஆனால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

"நான் ஆரையும் பற்றி ஒரு சொல்லுக் குறை சொல்லியிருப்பனோ?" என்று கேட்டுவிட்டு, கையோடு கிறிஸ்துநாயகத்தின் குறைகளை எடுத்து விரித்தார். ஞாயிறு சர்ச், வெள்ளி கோயிலில் நெற்றி நிறையத் திருநீறு, எல்லாம் வாக்குக்காக. மகளுக்கு மலிவு வாடகையில் ஒரு கவுன்சில் வீடு எடுக்கத்தான் இந்த ஆட்டம். கட்டின பெண்சாதியே அந்த மனிசனுக்குக் கை தூக்கமாட்டாள்.

தேத்தண்ணியை நீட்டியபடி சிவகௌரி இரண்டு தரம் வாயெடுத்தாள். இரண்டு தரமும் அவர் விடவில்லை. நடுவில் வாசற்கதவு படாரென்று அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் யாரோ வெளியே போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

மனம் ஆறியபிறகு எழுந்து வாசலுக்கு வந்தார். அவருடைய சப்பாத்தைக் காணவில்லை. அதேமாதிரிக் கறுப்பில் வேறொரு சோடி கிடந்தது. போட்டுப் பார்த்தார், கால் நுழையவில்லை.

"ஆர் என்ரை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனது?"

"கிறிஸ்துநாயகம் அண்ணையாத்தான் இருக்கும்," என்றாள் சிவகௌரி தலை குனிந்தபடி. "நீங்கள் வர முதலே வந்து குசினியில இவரோட கதைச்சுக்கொண்டிருந்தவர். தமிழ் வோட்டுப் பிரியக்கூடாது, நான் விலகிறன், அஞ்சு பேரும் யோகராஜாவுக்கே கை தூக்குங்கோ எண்டு கேக்கத்தான் வந்தவர்."

சமையலறைக்குள்ளிருந்து அவளுடைய கணவர் எட்டிப் பார்த்தார்.

"இனி விலகமாட்டாராம்," என்றார்.