உறுமல்

புது ஸ்போர்ட்ஸ் காரில் தங்கையை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டதற்குப் பாசம் காரணமில்லை. அவள் வயிறு எரியட்டும் என்றுதான் அண்ணன் ஏற்றினான்.

பெல்ட்டை மாட்டிய கையோடு அவள் பாட்டைப் போட்டாள். அவன் பட்டென்று அணைத்தான்.

"இந்தக் கார்ல உட்கார்ந்து எவனாவது பாட்டு கேப்பானா? இன்ஜின் சத்தத்தைக் கேளு. உன் ஸ்டுடியோவுல பட்டனைத் தட்டித் தட்டிச் செய்யற டூப்ளிகேட் சத்தம் இல்ல இது."

ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். கார் உறுமியது. அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"அண்ணா, அப்பா உன்னையே கேட்டுக்கிட்டிருக்கார். ஒரு வாரம் கூட்டிட்டுப் போய் வெச்சுக்கோயேன்."

"அந்தப் பேச்சை எடுக்காத. அவர் விடற குறட்டையில வீடே அதிருது. மனுஷன் கேப்பானா அதை? அதனாலதானே அவரை உன் தலையில கட்டினேன்."

அவள் காரின் திரையில் எதையோ தேடிப்பிடித்து விரலால் தொட்டாள். உறுமல் அடங்கிப்போனது. கார் மட்டும் அதே வேகத்தில், தையல் மெஷின் போல முனகிக்கொண்டு ஓடியது.

"ஏய், இன்ஜினை என்ன பண்ணித் தொலைச்ச?"

"இன்ஜின் நல்லாத்தான் ஓடுது. அதோட சத்தமே இவ்வளவுதான். நீ கேட்டதெல்லாம் ஸ்பீக்கர்ல வந்தது. கார் கம்பெனிக்கு நான் செஞ்சு குடுத்தது."

"புளுகாத. இப்படி ஒரு உறுமலை எந்த மெஷினாலயும் செய்ய முடியாது."

"மெஷினால முடியலதான்," என்றாள் தங்கை. "அதான் அப்பா தூங்கறப்ப பக்கத்துல மைக்கை வெச்சேன்."