புள்ளி நிற்காத மெஷின்

மச்சானின் ஸ்டிக்கர் கடையில் இனியும் கைகட்டி நிற்க முடியாது என்றுதான் ஞானசுந்தரம் அந்தப் பழைய கட்டிங் மெஷினை விலைக்குப் பார்க்க வந்திருந்தான். “உங்க கடைப் பேரையே அடிச்சுப் பாருங்க தம்பி” என்றார் அதை விற்கும் எட்வின். இன்னும் யாரிடமும் சொல்லாத பெயரை அவன் தட்டினான். மெஷின் முனகிக்கொண்டே சிவப்பு ஸ்டிக்கரை வெட்டியது. எழுத்துகளைச் சுற்றியிருந்த கழிவை உரித்தபோது புள்ளிகளெல்லாம் அதோடு போய்விட்டன. ‘சுடர ஸடிககரஸ’ என்று நின்றது பெயர்.

“புள்ளி மட்டும் இதுல நிக்காது. கையால ஒட்டிக்கணும்.”

“எல்லாத்துக்குமா?”

“இல்லேன்னா இங்கிலீஷ்லயே எழுதுற ஊராப் பாத்துப் போங்க” என்று எட்வின் சிரித்தார்.

அப்போதுதான் அவன் சுவரைப் பார்த்தான். தரையிலிருந்து கூரைவரை பல நிறங்களில் புள்ளிகள் ஒட்டிக்கிடந்தன. கழிவிலிருந்து பிரித்தெடுத்து அடுத்த பெயர்களுக்காகச் சேர்த்து வைத்தவை. ஜன்னல் கண்ணாடியிலும் இடமில்லை. வெளிச்சம் அவற்றின் இடுக்கில்தான் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். சட்டைப்பையில் போன் அடித்தது. மச்சான். அது ஓயும்வரை அசையாமல் நின்றான். பிறகு சுவரிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளியை நகத்தால் நெம்பி, ‘சுடர’வின் கடைசி எழுத்துக்கு மேல் வைத்து வெகுநேரம் அழுத்தினான். விரலை எடுத்தான். புள்ளி விரலோடு வந்தது.