லிஃப்ட் பக்கத்துப் பூச்சாடி

ஹோட்டல் லாபியைக் கூட்டித் துடைக்கும் லாபி அக்கா பூச்சாடிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். அடியில் கொழகொழவென்று ஏதோ தட்டுப்பட்டது. என்னவாக இருக்கும் என்று யோசிக்காமல் இழுப்பதுதான் இந்த வேலையில் முதல் பாடம்.

இழுத்தாள். குழந்தையின் டயப்பர். யாரோ ஊற்றிய காபியில் ஊறி இரண்டு மடங்காக உப்பியிருந்தது.

"சீ! இதெல்லாம் மனுச ஜென்மமா?"

"காலங்காத்தாலயே புதையல் எடுத்துட்ட போலிருக்கே?" என்றார் வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணன்.

"வாங்கண்ணே, உங்களுக்கும் பாதி தர்றேன்."

அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருப்பக்கம் திரும்பிவிட்டார்.

அந்த ஹோட்டல் லாபியில், லிஃப்டை ஒட்டி நின்றது அந்தச் சாடி. இடுப்பு உயரம். மழைக்கு முந்தைய வானத்தின் நீலம், கழுத்தைச் சுற்றி நூல் பிடித்தாற்போல வெள்ளைக் கோடுகள். தூரத்தில் நின்றால் கண்ணை எடுக்க முடியாது. கிட்டே போனால் மூக்கைக் கொடுக்க முடியாது.

பேர்பெற்ற ஒரு பெண் வடிவமைப்பாளர் இந்த லாபிக்கென்றே செய்து அனுப்பியது அது. சோபா, விளக்கு எல்லாமே அவர் கைவண்ணம். பெட்டியைப் பிரித்த அன்றே மேனேஜர் சாடியைப் பார்த்துச் சொக்கிப்போனார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது என்பதால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் இஸ்திரி. தினமும் காலையில் இஸ்திரியே தன் கையால் லில்லிப் பூக்களை அதில் அடுக்குவார்.

சாடிக்கு வாய் அகலம். பூ உள்ளே சரிந்து விழும். விளிம்புக்குள் ஓர் இரும்பு வளையம் இருந்தது. அதில் கம்பி சுற்றித் தண்டுகளைக் கட்டி நிறுத்துவார்.

"கலைஞர்னா சும்மாவா? பூ கட்டறதுக்குன்னே வளையம் வச்சிருக்காங்க பாரு!"

அந்த வளையம்தான் தினமும் லாபி அக்காவின் முழங்கையைச் சிராய்த்தது.

லிஃப்டுக்குக் காத்திருப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது. பபிள்கம், சளி துடைத்த காகிதம், பாதி கடித்த ஆப்பிள் என்று எது கையில் இருந்தாலும் லில்லிக்கு நடுவே சொருகிவிட்டு ஏறிப் போய்விடுவார்கள். ஒரு தடவை டிஷ்யூவில் சுற்றிய பல் செட். பின்னாலேயே அதைத் தேடி ஓடிவந்த பெரியவர், இவள் எடுத்துக் கொடுத்ததும் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்து, அங்கேயே வாயில் மாட்டிக்கொண்டு, "தேங்க்ஸ்மா" என்றார். அன்றைக்கு இவளுக்கு மதியச் சாப்பாடு தொண்டைக்குள் இறங்கவில்லை.

"சார், லிஃப்ட் பக்கத்துல குப்பை போட ஏதாவது ஒண்ணு வச்சிடுங்க சார்" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"லாபி அழகைக் கெடுக்கவா? இங்க என்ன வேணுமோ அத்தனையும் மேடமே அனுப்பிட்டாங்க. அதுக்கு மேல ஒரு ஸ்டூல் போட விடமாட்டேன். நீ ஒழுங்கா கண்ணத் தொறந்து பாத்துக்க."

சாடி நாறியதற்கு இதுவரை இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் வேலை போச்சு. வீட்டில் இடுப்பொடிந்து படுத்திருக்கும் புருஷனுக்கு மருந்து மாத்திரை எல்லாம் இந்த வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று பத்து மணிக்கு அந்த மேடமே நேரில் வருகிறார். தான் செய்தவை எப்படி இருக்கின்றன என்று பார்க்க.

நாலு தடவை தேய்த்துக் கழுவினாள். இஸ்திரி புது லில்லியைக் கட்டி நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடினார். பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, டை கட்டிய ஒருவர் குடித்து மீந்த காபிக் கப்பை அப்படியே பூக்களுக்கு நடுவே கவிழ்த்தார்.

"ஐயோ சார், அது பூச்சாடி!"

அவர் குனிந்து பார்த்தார். "பூச்சாடிக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய வாய்?"

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

"படிச்ச எருமை" என்று பல்லைக் கடித்தபடி கையை உள்ளே விட்டாள். அதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது.

குட்டை முடி, கசங்கிய பருத்திச் சட்டை, தோளில் ஒரு பை. மேடம் நேராகச் சாடியிடம் வந்தார். லில்லியிலிருந்து காபி சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவரின் முகம் அருவருப்பில் கோணிப்போனது.

லாபி அக்கா கையை உருவினாள்.

இஸ்திரி முந்திக்கொண்டார். "மன்னிக்கணும் மேடம். எல்லாம் இவ லட்சணம். உங்க கலைப்பொருளை இந்தக் கோலத்துல வச்சிருக்கா. மூணாவது மெமோ ரெடி. இன்னையோட இவளை அனுப்பிடறேன்."

மேடம் அதைக் காதில் வாங்கவில்லை. விளிம்புக்குள் விரலை விட்டு வளையத்தைத் தடவினார். கம்பி தட்டுப்பட்டதும் கையை உதறினார்.

"பை எங்க?"

"உங்க தோள்லயே இருக்கே மேடம்" என்றார் இஸ்திரி, குழைந்துகொண்டே.

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு லாபி அக்காவின் முழங்கைச் சிராய்ப்பைக் கவனித்தார்.

"தெனமும் வெறுங்கையாலயா அள்றீங்க?"

தலையாட்டினாள்.

மேடம் ஒரு லில்லியை, செத்த எலியைத் தூக்குவது போல, இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"குப்பைத் தொட்டியில எவன்யா பூ வச்சது?"