நவநாளுக்கு ஒரு கவுன்

"சத்தம் நிக்குது பார். மிதிடி."

உள்ளறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குளோரியா ஹால் வரைக்கும் கேட்கும்படி அதட்டினாள். மடியில் வீட்டுச் சாவி.

மருமகள் சிந்தியா தலை நிமிராமல் தையல் மெஷினை மிதித்தாள். இன்று சாயங்காலம் சிவாஜிநகர் கோயில் நவநாள் ஜெபத்துக்கு மாமியாருக்குப் புது கவுன் வேண்டுமாம். காலையில் துணியைத் தூக்கிப் போட்டு, ஐந்தரைக்குள் முடி என்றால், வீட்டில் என்ன கார்மென்ட்ஸ் ஃபேக்டரியா நடக்கிறது?

அதுவும் சாதாரண கவுன் இல்லை. குளோரியா கல்யாணத்துக்கு முன்னால் போட்ட மாடல். பழைய பேப்பர் கட்டிங்கைப் பெட்டியிலிருந்து தோண்டி எடுத்திருந்தாள். முன்பக்கத்தில் ஒரு பாகம் இன்னொன்றின் மேல் ஏறி உட்காரும். பட்டன் கிடையாது, ஜிப் கிடையாது, நாடாவை இடுப்பைச் சுற்றி இழுத்து ஒரு முடிச்சு, அவ்வளவுதான்.

துணியில் தட்டு தட்டாக ஆரஞ்சுப் பூ. அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் நின்றால்கூடக் கண்ணில் அடிக்கும். காலையிலிருந்து குனிந்து மிதித்ததில் சிந்தியாவின் நெட்டை உடம்புக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

முதுகுவலியை விடுங்கள். ஏழு மாதமாக அவள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. புருஷன் ஓஸ்வால்டுக்குச் சந்தேகம் என்று ஒரு வியாதி. டீச்சர் வேலையை விடச் சொன்னான், விட்டாள். போனை வாங்கி வைத்துக்கொண்டான். சிவாஜிநகரில் இருக்கிற அவள் அக்காவை இனி பார்க்கவே கூடாது என்றான்.

கடைசியில் ஹால் சுவரில், வாசல் கதவைப் பார்த்த மாதிரி ஒரு கேமராவை மாட்டினான். ஹெப்பகோடி ஃபேக்டரியில் உட்கார்ந்துகொண்டு, வீட்டை விட்டு யார் போகிறார்கள் என்று போனில் பார்ப்பான். அந்தக் கேமராவுக்குக் காதும் உண்டு. குளோரியா வெளியே போனால் கதவை வெளியில் பூட்டிக்கொண்டுதான் போக வேண்டும், அதுவும் அவன் உத்தரவு.

"அடி மடிப்பு எவ்ளோ விடட்டும் அத்தை?"

"பேப்பர்ல இருக்கிறதைவிட ரெண்டு இஞ்ச் இறக்கிவிடு."

"உங்களுக்குத் தரையில இழுக்குமே."

"இழுத்தா நான் பாத்துக்கறேன். சொன்னதைச் செய்."

சிந்தியா இறக்கிவிட்டாள். அவளிடம் யார் யோசனை கேட்டார்கள்?

அவசரத்தில் ஒரு தப்பு நடந்தது. நாடா வெளியே வர, வலது பக்கத் தையலில் இரண்டு விரல் அளவு திறப்பு விட வேண்டும். அதையும் சேர்த்து மூடித் தைத்துவிட்டாள். பிளேடால் பிரிக்க உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, குளோரியாவின் போன் அடித்தது.

"என்ன மம்மி, மெஷின் சத்தத்தைக் காணோம்? எங்க அவ?"

"இங்கதான் இருக்கா. தப்பாத் தைச்சிட்டுப் பிரிக்கிறா. நீ பேஜாரு பண்ணாம வேலையைப் பாரு."

"சாயங்காலம் நீ கோயிலுக்குப் போறப்ப..."

"பூட்டிட்டுத்தான்டா போவேன். மிச்சத் துணியில தலகாணி உறை தைச்சுக்கிட்டு இருக்கட்டும். சத்தம் நின்னா நீயே கேளு."

சிந்தியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெற்றவளும் பிள்ளையும் சேர்ந்து இந்த நாலு சுவருக்குள்ளேயே தன்னை முடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. அழுதால் அதற்கும் ஒரு போன் வரும் என்று அடக்கிக்கொண்டாள்.

ஐந்து மணிக்குக் கவுன் முடிந்தது. குளோரியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முடிச்சை ஒருமுறை போட்டு இழுத்தாள், சட்டென்று அவிழ்ந்தது. தொங்கிய ஒரு நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

ஐந்தரை. ஃபேக்டரி கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே ஓஸ்வால்ட் போனைத் திறந்தான்.

கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆரஞ்சுப் பூக்கள் வாசலை நோக்கி நடந்தன. தலையில் கோயிலுக்குப் போடுகிற வெள்ளை முக்காடு, கையில் ஜெபமாலை. கதவு மூடியது. வெளியில் பூட்டுகிற சத்தம் கேட்டது.

உள்ளே மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓஸ்வால்டுக்கு நிம்மதி. இன்னொரு வடை சொன்னான்.

கால் மணி நேரம் கழித்து, எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாவைக் கூப்பிட்டான்.

"மம்மி, நல்லாப் பூட்டினியா? இப்ப எங்க இருக்க?"

மெஷின் நின்றது. மிதியிலிருந்து காலை எடுத்த குளோரியா, கண்ணாடியைக் கழற்றிப் பாதி தைத்த தலையணை உறைமேல் வைத்தாள். இனி அவன் வந்து திறக்கும்வரை தன்னாலும் வெளியே போக முடியாது. வந்த பிறகு என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. குரலில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"பூட்டியாச்சுடா. சிவாஜிநகர் பஸ்ஸும் ஏறியாச்சு."