சென்சாருக்குக் கண்ணேறு

"பீப்... பீப்..." தென்காசியில், வாசலில் நின்ற புவனேஷின் கார் மறுபடியும் அலறியது. நாளை பந்தயம். புகைக்குழாயில் மாட்டிய புது ஆக்சிஜன் சென்சாரோ தாறுமாறாகக் கணக்குச் சொன்னது. அதை நம்பி வேகம் ஏற்றினால் இன்ஜின் கருகிவிடும்.

"ஏலே, மட்டமானத வாங்கிட்டியோ?" என்றான் மெக்கானிக் விஜயசங்கர்.

"நீ சொன்ன வைட்பேண்ட் சென்சார்தாம்லே. வயரும் நீதான கொடுத்த?"

"வயர் சரியாத்தான் இருக்கு. குழாய்ல மாட்டுததுக்கு முந்தி, சுத்தமான காத்துல வச்சு அளவு பிடிச்சியா? அந்தக் காத்த வச்சுத்தாம்லே அது மத்த கணக்கெல்லாம் போடும்."

"இந்தா, இங்கன வாசல்லதான் தொங்கவிட்டுப் பிடிச்சேன். குற்றாலச் சாரல் காத்துலே! இதவிடச் சுத்தம் எங்க இருக்கு?"

இருவரும் குழம்பி நிற்க, புவனேஷின் மனைவி சங்கரேஸ்வரி காபியோடு வந்தாள்.

"அதெப்படிங்க கெடும்? அது தொங்கும்போதே, கண்ணுபடக் கூடாதுன்னு சாம்பிராணிப் புகை நல்லாக் காட்டுனேனே!"